பூஜ்யம் புள்ளி மூன்று: கஞ்சாச் செடியின் நொதிகளும் சட்டத்தின் கோடும்

1

கஞ்சாவைப் பற்றிப் பேச நமக்கு இதுவரை இரண்டு மொழிகள்தான் வாய்த்திருக்கின்றன. ஒன்று காவல்துறையின் மொழி: இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது. இன்னொன்று சாமியார்களும் கொஞ்சம் கவிஞர்களும் பேசுகிற மொழி: சிவமூலி, மோனம், பேரின்பம். முதல் மொழியில் செடி ஒரு எடை. இரண்டாவதில் அது ஒரு குறியீடு. இரண்டிலுமே செடி என்ன செய்கிறது என்கிற கேள்விக்கு இடம் கிடையாது.

கடந்த முப்பது ஆண்டுகளில் மூன்றாவதாக ஒரு மொழி உருவாகியிருக்கிறது. நொதிகளின் மொழி, மரபணுக்களின் மொழி. ஆய்வுக்கூடத்தில் பிறந்த இந்த மொழி இன்று அமைச்சரவைக் கூட்டங்களிலும் விதைக் கம்பெனிகளின் பேரங்களிலும் புழங்குகிறது. கஞ்சாவை 'நல்ல' கஞ்சா, 'கெட்ட' கஞ்சா என்று பிரிக்க இந்த மொழியைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது என்று நாமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் அரசு போட்ட கோட்டை இயற்கை போட்ட கோடாக நாம் ஏற்றுக்கொண்டுவிடுவோம்.

நான் இருப்பது அம்மையார்குப்பம். திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போகும். ஆந்திராவிலிருந்து வரும் ரயிலிலும் பஸ்ஸிலும் 'பொட்டலம்' பிடிபட்டதாக வரும் செய்தி இங்கே வாடிக்கை. அப்படியொரு செய்தியைப் பேசிக்கொண்டிருந்தபோது தறிக்காரப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, வடக்க ஏதோ ஸ்டேட்ல கவர்மெண்டே லைசென்ஸ் குடுத்து கஞ்சா பயிர் வைக்கச் சொல்றாங்களாமே? அது நார் எடுக்கிற ஜாதியாம், போதை ஜாதி இல்லியாம். செடியில கூடவா ரெண்டு ஜாதி?"

நெல்லுக்கும் மாட்டுக்கும் சொல்வதுபோல அவர் அந்தச் சொல்லை இயல்பாகத்தான் சொன்னார். ஆனால் பிரச்சினையின் மையத்தில் இருப்பது அந்தச் சொல்தான். பிறப்பால் வருவது எது, மேலிருந்து சுமத்தப்படுவது எது?

2

முதலில் செடி. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் பூக்களைச் சுற்றியுள்ள சிற்றிலைகளின் மேல் குண்டூசித் தலை மாதிரி நுண்ணிய சுரப்பி ரோமங்கள் இருக்கின்றன. கையில் பிசுபிசுவென்று ஒட்டும் பிசின் அங்கேதான் உண்டாகிறது. கன்னாபினாய்டுகள் என்கிற வேதிப்பொருள் குடும்பத்தின் பட்டறை அதுதான்.

பட்டறையில் வேலை செய்பவை நொதிகள். நொதி என்பது ஒரு புரதம். ஏதோ ஒரு வேதிவினையை மட்டும் விரைவுபடுத்தும், தான் தீர்ந்துபோகாது. வாயில் வெறும் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, அது உமிழ்நீரின் நொதி செய்கிற வேலை. ஒவ்வொரு நொதியையும் கட்டுவதற்கான வரைபடம் ஒரு மரபணுவில் இருக்கிறது. மரபணு மாறினால் நொதி மாறும். நொதி மாறினால் சரக்கு மாறும்.

கஞ்சாவில் இந்த வேலை வரிசையாக நடக்கிறது. ஆறு கரியணுக்கள் கொண்ட ஒரு சிறு கொழுப்பமிலத் துண்டிலிருந்து இரண்டு நொதிகள் சேர்ந்து ஒலிவெட்டாலிக் அமிலம் என்ற வளையத்தைச் செய்கின்றன. மூன்றாவது நொதி அந்த வளையத்தோடு பத்துக் கரியணுக்கள் கொண்ட வாலை ஒட்டவைக்கிறது. கிடைப்பது சி.பி.ஜி. அமிலம். இதைத் தாய் மூலக்கூறு என்று வைத்துக்கொள்ளலாம். இதுவரை எல்லாக் கஞ்சாச் செடிக்கும் பாதை ஒன்றுதான். நார்ச் செடி, போதைச் செடி என்ற பேச்சே இங்கே கிடையாது.

பாதை பிரிவது இதற்கப்புறம்தான். தாய் மூலக்கூறை ஒரு நொதி பிடித்தால் அது டி.எச்.சி. அமிலமாகிறது. வேறொரு நொதி பிடித்தால் சி.பி.டி. அமிலமாகிறது. மூன்றாவதாக இன்னொரு நொதியும் உண்டு. பெரும்பாலான செடிகளில் அதன் பங்கு சொற்பம் என்பதால் விட்டுவிடலாம். டி.எச்.சி. அமிலத்தைச் செய்யும் நொதியை ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் தவுரா, ஷோயாமா குழுவினர் 1995-இல் பிரித்தெடுத்து விவரித்தார்கள். அடுத்த ஆண்டே சி.பி.டி. நொதியும் கிடைத்தது. முதல் நொதி 545 அமினோ அமிலங்களின் சங்கிலி, இரண்டாவது 544. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நூற்றுக்கு 84 இடங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரே மூதாதை மரபணு இரட்டித்து, காலப்போக்கில் விலகிப்போன பங்காளிகள் என்று இவற்றைச் சொல்லலாம்.

இன்னும் வியப்பானது இவை செய்கிற சரக்கு. தாய் மூலக்கூறில் கரியணு 22, ஹைட்ரஜன் 32, ஆக்சிஜன் 4. இரண்டு நொதிகளுமே அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்குகின்றன. ஆகவே டி.எச்.சி. அமிலத்திலும் சி.பி.டி. அமிலத்திலும் அணுக்களின் கணக்கு ஒன்றே. வேற்றுமை மடிப்பில் இருக்கிறது. ஒன்றில் ஆக்சிஜன் வழியாக இன்னொரு வளையம் மூடிக்கொள்கிறது; மற்றதில் அது திறந்தே கிடக்கிறது. ஒரே பாவில், ஒரே ஊடையில் இரண்டு விதமான புட்டா போட்டதுபோல.

இந்த மடிப்புதான் மனித மூளையில் வித்தியாசமாகிறது. மூளையின் நரம்பணுக்களில் இருக்கும் ஓர் ஏற்பியில் டி.எச்.சி. போய்ப் பொருந்துகிறது, போதை வருகிறது. சி.பி.டி. அங்கே அப்படிப் பொருந்துவதில்லை. டி.எச்.சி.யைத் தூய வடிவில் பிரித்து அதன் அமைப்பை 1964-இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேலின் காவோனியும் மெஷூலமும். 1992-இல் மெஷூலமின் ஆய்வுக்கூடம், அதே ஏற்பிக்காக நம் உடம்பே செய்துகொள்ளும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நொதி செய்வது அமிலத்தை மட்டுமே. அமில வடிவில் டி.எச்.சி. போதை தருவதில்லை. சூடு பட்டு அதிலிருந்து கரியமில வாயு கழன்ற பிறகுதான் போதைப்பொருள் பிறக்கிறது. அதாவது செடி பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியைச் செய்வது மனிதன் வைக்கும் நெருப்பு. பாலில் காய்ச்சியவர்களுக்கும் நெய்யில் கிண்டியவர்களுக்கும் சிலும்பியில் வைத்து இழுத்தவர்களுக்கும் இந்த வேதியியல் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது.

3

இனி பிறப்பு விவகாரம். 2003-இல் தெ மெயர் என்ற பயிர்ப்பெருக்க அறிவியலாளரும் அவர் சகாக்களும் ஒரு கலப்பு ஆய்வை வெளியிட்டார்கள். டி.எச்.சி. மிகுந்த தூய வழிச் செடியையும் சி.பி.டி. மிகுந்த தூய வழிச் செடியையும் கலந்தார்கள். முதல் தலைமுறைச் செடிகள் எல்லாமே இரண்டையும் கலந்து செய்தன. அவற்றைத் தமக்குள்ளேயே கலந்தபோது அடுத்த தலைமுறையில் ஒரு பங்கு டி.எச்.சி. செடி, இரண்டு பங்கு கலப்புச் செடி, ஒரு பங்கு சி.பி.டி. செடி என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணியைப் படித்தவர்களுக்கு இந்த ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று பழகிய கணக்கு. எது டி.எச்.சி., எது சி.பி.டி. என்பதைத் தீர்மானிப்பது குரோமோசோமில் ஒரே ஒரு இடம் போலவே நடந்துகொள்கிறது என்று பொருள். பின்னால் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்தபோது அது ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் இல்லை, பக்கத்துப் பக்கத்தில் பிரியாமல் பயணம் செய்யும் தனித்தனி மரபணுக்கள் என்று தெரிந்தது. போதைச் செடிகளில் சி.பி.டி. நொதியின் மரபணு சிதைந்துபோய்ப் பெயருக்குக் கிடக்கிறது. இரண்டு நொதிகளும் வேலை செய்யாத செடிகளும் உண்டு. அவற்றில் தாய் மூலக்கூறு அப்படியே தேங்கி நிற்கும்.

பயிர்ப் பெருக்குபவர்களுக்கு இது பெரிய வசதி. நாற்றாக இருக்கும்போதே ஓர் இலைத் துணுக்கைச் சோதித்து இந்தச் செடி எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிட முடியும். பூக்கிற வரை காத்திருக்க வேண்டாம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று விகிதம்: டி.எச்.சி.க்கும் சி.பி.டி.க்கும் இடையிலான பங்கு. இதைத்தான் மேலே சொன்ன ஓரிடம் தீர்மானிக்கிறது. மற்றது அளவு: மொத்தமாக எவ்வளவு பிசின் ஊறுகிறது என்பது. இதற்குப் பல மரபணுக்கள், சுரப்பி ரோமங்களின் அடர்த்தி, செடியின் வயது, வளர்த்தவரின் கை எல்லாம் சேர்ந்து பொறுப்பு. 'எந்தச் சரக்கு' என்பது ஒரு கேள்வி, 'எவ்வளவு சரக்கு' என்பது இன்னொரு கேள்வி. சட்டம் தடுக்கி விழுவது இங்கேதான்.

4

உத்தராகண்ட் அரசு 2018-இல் தொழிற்பயன்பாட்டுக் கஞ்சா சாகுபடிக்கு உரிமம் தரத் தொடங்கியது. அங்கே விதித்த நிபந்தனை, டி.எச்.சி. 0.3 சதத்துக்கு மேல் போகக் கூடாது. அதே ஆண்டு அமெரிக்க வேளாண் சட்டமும் இதே எண்ணை எடுத்துக்கொண்டது. பெரியவர் கேட்ட 'நார் ஜாதி' என்பது இந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் செடி. 'போதை ஜாதி' இதற்கு மேலே இருக்கும் செடி.

இந்த எண் எங்கிருந்து வந்தது? 1976-இல் கனடாவின் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மாலும் அமெரிக்காவின் ஆர்தர் கிரான்கிஸ்டும் கஞ்சாவை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். தொடர்ச்சியாக ஏறி இறங்கும் அளவுகளுக்கு நடுவே எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டியிருந்தது, 0.3-இல் போட்டார்கள். இந்தத் தேர்வு தன்னிச்சையானது என்று அவர்களே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அளந்ததும் இளம் இலைகளை. வகைப்பாட்டுக்காரர்களின் வசதிக்கு வைத்த அடையாளக் கல், நாளடைவில் விவசாயியைக் குற்றவாளியிலிருந்து பிரிக்கும் வேலியாக ஆனது. பூவில் அளந்து பயிரை அழிப்பது அதன் தொடர்ச்சி.

இப்போது நொதியைச் சாட்சிக்குக் கூப்பிடுவோம். சி.பி.டி. செய்யும் நொதி சுத்தமான வேலைக்காரன் கிடையாது. கொஞ்சம் கைதவறி டி.எச்.சி. அமிலத்தையும் செய்துவிடும். டி.எச்.சி. நொதியே இல்லாத செடியிலும், சி.பி.டி. இருபது முப்பது பங்கு என்றால் டி.எச்.சி. ஒரு பங்கு என்ற கணக்கில் இருந்தே தீரும். இருபத்தைந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். பூவில் 5 சதம் சி.பி.டி. இருந்தால் டி.எச்.சி. 0.2, சட்டத்துக்குள். அதே விதை, அதே நொதி, கொஞ்சம் நன்றாக விளைந்து சி.பி.டி. 10 சதமானால் டி.எச்.சி. 0.4, சட்டத்துக்கு வெளியே, பயிரை அழிக்க வேண்டும். மறுபக்கம், டி.எச்.சி. நொதி மட்டுமே உள்ள ஒரு செடி வறண்ட மண்ணில் சோனியாக வளர்ந்து மொத்தமே 0.25 சதம் பிசின் ஊறியிருந்தால் அது 'நல்ல ஜாதி' ஆகிவிடுகிறது. கோடு ஜாதியைப் பிரிக்கவில்லை. விளைச்சலைத் தண்டிக்கிறது.

விவசாயி சரியாகப் பராமரிக்காததால், வெயில் காய்ச்சியதால், தண்ணீர் தேங்கியதால் டி.எச்.சி. ஏறிவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செடிகளை வெள்ளத்திலும் காயத்திலும் நோயிலும் களைக்கொல்லியிலும் வாட்டிப் பார்த்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்த வாட்டல்களால் விகிதம் பெரிதாக அசையவில்லை. அது விதையிலேயே எழுதப்பட்டது. விதையை விற்றது கம்பெனி. பயிர் அழிப்பின் நஷ்டம் நிலத்துக்காரருக்கு.

5

இந்தியாவில் நிலைமை இதைவிட விசித்திரம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நொதியையும் பார்க்கவில்லை, சதவிகிதத்தையும் பார்க்கவில்லை. அதன் விளக்கப்படி கஞ்சா என்பது பூக்கிற அல்லது காய்க்கிற நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. அரசு உத்தரவு போட்டு விலக்கு அளித்தாலொழிய, போதையே தராத சி.பி.டி. செடியின் பூவும் அங்கே கஞ்சாதான். தண்டனை எடையால் நிர்ணயமாகிறது. ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்து ஆண்டு கடுங்காவல், ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பையில் இருந்தது நுனியா, இலையா, காம்பா, எதைச் சேர்த்து நிறுத்தார்கள் என்று நீதிமன்றங்களில் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

எடையால் தண்டித்தால் சந்தை என்ன செய்யும்? எடை குறைவாக, வீரியம் கூடுதலாக இருக்கும் சரக்கைத் தேடும். தடையின் நிழலில் நடந்த பயிர்ப்பெருக்கம் உலகெங்கும் இந்தத் திசையிலேயே போயிருக்கிறது. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995 வாக்கில் டி.எச்.சி. சுமார் 4 சதம். 2014-இல் சுமார் 12 சதம். அதே காலத்தில் சி.பி.டி. கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று. வீரியம் கூடிய சரக்கைத் தினமும் எடுப்பவர்களிடம் மனச்சிதைவு போன்ற நோய்கள் பல மடங்கு அதிகம் காணப்படுவதாக 2019-இல் ஐரோப்பிய நகரங்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு சொல்கிறது. கஞ்சா தீங்கற்றது என்று வாதாட நான் வரவில்லை. நம் தெருக்களில் பையன்கள் சீரழிவதை நானும்தான் பார்க்கிறேன். அந்தத் தீங்கின் ஒரு பகுதி செடியிலிருந்து வருகிறது, இன்னொரு பகுதி சட்டம் செடியை வளர்த்த விதத்திலிருந்து வருகிறது என்பதுதான் என் வாதம்.

வெள்ளைக்காரன் கூட இதைவிட நிதானமாக விசாரித்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1893-இல் அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமான பயன்பாட்டால் பெரிய கேடு இல்லை, முழுத் தடை தேவையில்லை என்று 1894-இல் அறிக்கை தந்தது. இதில் கருணை ஏதுமில்லை, கலால் வருமானம் இருந்தது. ஆனாலும் அந்தக் காலத்து ஆவணங்களில் நமக்குப் பயன்படும் ஒரு மனிதர் இருக்கிறார். வங்காளத்து நவகாவ் வயல்களில் 'பொத்தார்' என்ற கைவினைஞர். வயல் முழுக்க நடந்து ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்குவது அவர் தொழில். மகரந்தம் படாத பெண் பூ பிசினை அதிகம் ஊறவைக்கும். நொதி என்ற சொல்லே கேட்டிராதவர் நொதியின் விளைச்சலைத் தீர்மானித்தார். பயிர்ப்பெருக்க வரலாற்றில் இவருக்கு ஒரு வரி கூடக் கிடையாது.

பிறப்பிலேயே குற்றவாளி என்று ஒரு கூட்டத்தையே பட்டியலிட்ட சட்டமும் அதே ஆட்சியுடையதுதான். 1871-இல் வடக்கே தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் நம் மாகாணத்துக்கும் நீண்டது. குற்றம் இரத்தத்தில் வருகிறது என்று அப்போது சொன்னார்கள். இப்போது செடியின் விஷயத்தில் 'குற்றம் மரபணுவில் இருக்கிறது' என்கிற பேச்சைக் கேட்கும்போது எனக்கு அது நினைவுக்கு வருகிறது. மரபணுவில் இருப்பது ஒரு நொதி மட்டுமே. குற்றம் அரசிதழில் இருக்கிறது. எல்லைக்காரர்களான எங்களுக்கு இது எளிதில் புரியும். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. போராடிப் பெற்ற கோடு. நான் அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் மார்ச் 31-ஆம் தேதி பேசிய இரண்டு மொழிகளையும் ஏப்ரல் 1-ஆம் தேதியும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

6

இந்த அறிவு இனி யாருக்குச் சொந்தம் என்பது கடைசிக் கேள்வி, என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி.

2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்குச் செடியிலிருந்து எடுத்த சி.பி.டி.யை மருந்தாக ஏற்றது. 2019-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் கஞ்சாவின் நொதி மரபணுக்களை ஈஸ்ட்டில் ஏற்றி, வெறும் சர்க்கரையிலிருந்து டி.எச்.சி. அமிலத்தையும் சி.பி.டி. அமிலத்தையும் செய்துகாட்டினார்கள். இனி செடியே தேவையில்லை; நொதியின் வரைபடம் போதும். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை 27-க்கு 25 என்ற வாக்கில் நீக்கியது. இந்தியா நீக்குவதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் ஒரு கனடா கம்பெனியோடு சேர்ந்து கஞ்சா மருந்து ஆய்வு நடத்துகிறது. கதவு திறந்துகொண்டிருக்கிறது. யாருக்காக?

மஞ்சளை நினைத்துப் பாருங்கள். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு காப்புரிமை வாங்கியது. நம் அறிவியல் ஆய்வுக் கழகம் எதிர்த்து வழக்காடி 1997-இல் அது ரத்தானது. அந்தப் பல்கலைக்கழகம்தான் 1968 முதல் அமெரிக்க அரசின் ஆய்வுக் கஞ்சாவை வளர்த்து வந்தது என்பது ஒரு தகவலுக்காக. அன்று எதிர்ப்பதற்கு நம்மிடம் பழைய நூல்களில் சாட்சி இருந்தது. கஞ்சாவில் சாட்சி விதைகளில் இருக்கிறது. பல நூறு ஆண்டுகள் மலைச்சரிவுகளில் மக்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த நாட்டு வகைகளில் என்னென்ன நொதி வடிவங்கள் இருக்கின்றன என்று பொதுவில் யாரும் முழுசாகப் பதிவு செய்யவில்லை. பதிவு செய்வதற்கு முன்னால் நாம் அவற்றை எரித்துக்கொண்டிருக்கிறோம். 2021-இல் ஆந்திரக் காவல்துறை விசாகப்பட்டினத்துக்கு மேலுள்ள பழங்குடி மலைகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை அழித்தது. 'சீலாவதி' என்று சந்தையில் பெயர் பெற்ற வகை அந்தப் பக்கத்தது. அந்தப் பயிருக்குப் பணம் போட்டவன் வேறு. பயிர் வைத்த ஆதிவாசியும் பை தூக்கிய கூலியும்தான் கையில் சிக்கினவர்கள்.

இன்னொரு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்டின் உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் அனுமதியின்றி எடுத்துப் போனால் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை இருந்தது. 2023 திருத்தம் அந்தச் சிறையை எடுத்துவிட்டு அபராதத்தை மட்டும் வைத்தது. விதையை எடுத்துக்கொண்டு போகும் கம்பெனிக்கு அபராதம். பூவை எடுத்துக்கொண்டு போகும் கூலிக்காரனுக்குப் பத்து வருஷம்.

தமிழ்நாட்டில் இன்று இப்படியொரு உரிமத் திட்டம் இல்லை. நாளைக்கு வந்தால், வளர்ச்சி என்றோ மருத்துவம் என்றோ சொல்லிக்கொண்டு வரும். அப்போது கேட்க வேண்டியவற்றை இப்போதே எழுதி வைக்கலாம். விகிதத்தை அளப்பீர்களா, அளவை அளப்பீர்களா? கோட்டைத் தாண்டிய பயிருக்கு விதை விற்றவன் பொறுப்பா, விதைத்தவன் பொறுப்பா? நாட்டு வகைகளின் மரபணுப் பதிவு பொதுச்சொத்தாக இருக்குமா? காற்றில் வரும் மகரந்தம் பக்கத்துக் கொல்லைச் செடியில் விழுந்து விகிதம் மாறினால் வழக்கு யார் மேல்? எடைக் கணக்கில் உள்ளே போனவர்களின் வழக்குகளை மறுபடி பார்ப்பீர்களா, இல்லை அவர்கள் உள்ளேயே இருக்க, வெளியே உரிமம் ஏலம் போகுமா?